நோய் மரபணுவின் இருப்பிடத்தைக் கண்டறிவது எப்படி: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் காட்டும் வழி

பரம்பரையாக வரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் உள்ளவர்களின் நுரையீரலிலும் கணையத்திலும் கெட்டியான சளி அடைத்துக்கொள்கிறது. அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் இந்த அறிகுறிகள் தெரிந்திருந்தனவே தவிர, பழுதான புரதம் எது என்பது தெரியவில்லை. ஆகவே புரதத்திலிருந்து மரபணுவுக்குப் போகாமல், முதலில் மரபணுவின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதன் வழியே புரதத்தை அறிய வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வரைபடங்கள் தேவைப்பட்டன.

ஓர் ஊரின் தொலைவை 'இரண்டு மணி நேரப் பயணம்' என்றும் சொல்லலாம், கிலோமீட்டரிலும் சொல்லலாம். மரபியல் வரைபடம் முதல் வகை: விந்தணுக்களும் கருமுட்டைகளும் உருவாகும்போது குரோமோசோம் இணைகள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதால், இரண்டு இடங்கள் எத்தனை முறை பிரிகின்றன என்பதை எண்ணி, தொலைவைச் சென்டிமார்கனில் அது குறிக்கிறது (நூற்றுக்கு ஒரு முறை பிரிந்தால் ஏறத்தாழ 1 சென்டிமார்கன்). பௌதிக வரைபடமோ டிஎன்ஏவின் எழுத்துகளான கார இணைகளை நேரடியாக எண்ணுகிறது. மனிதரில் 1 சென்டிமார்கன் சராசரியாக 10 லட்சம் கார இணைகளுக்குச் சமம். ஆனால் இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட மாறும்.

முதல் படி, குடும்பங்களைச் சேர்ப்பது. இந்நோய் ஒடுங்கு பண்பாக (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால் மட்டுமே வெளிப்படுவதாக) கடத்தப்படுவதால், ஒரே வீட்டில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்ட குடும்பங்களே அதிகத் தகவல் தருகின்றன.

இரண்டாம் படி, ஆளுக்கு ஆள் வேறுபடும் டிஎன்ஏ குறிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, நோயுடன் சேர்ந்தே கடத்தப்படும் குறியைத் தேடுவது. அந்தச் சேர்க்கை தற்செயலா, உண்மையான பிணைப்பா என்பதை லாட் மதிப்பு சொல்கிறது. கணக்கு எளிதாக இருக்க, ஒரே ஒரு பழுதான படியால் வரும் ஓங்கு பண்பு நோய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெற்றோரின் எந்தக் குரோமோசோமில் நோயும் குறியும் சேர்ந்திருக்கின்றன என்பது தெரிந்த ஒரு குடும்பத்தில், 10 பிள்ளைகளிடமும் அவை பிரியவே இல்லை என்று வையுங்கள். பிணைப்பு இல்லாமல் இது நேர வாய்ப்பு 1024-இல் 1. 1024-இன் பத்தடிமான மடக்கை ஏறத்தாழ 3.01, அதுவே இங்கே லாட் மதிப்பு. மதிப்பு 3-ஐத் தாண்டினால் பிணைப்பை ஏற்பது மரபு. அந்தப் பத்தில் ஒரே ஒரு பிள்ளையிடம் அவை பிரிந்திருந்தால், உச்ச மதிப்பே 1.6 அளவுக்கு இறங்கிவிடும். எனவே ஒரு பிள்ளையின் நோயறிதல் தவறினாலோ, இரண்டு இரத்த மாதிரிகள் இடம் மாறினாலோ உண்மையான பிணைப்பும் கண்ணில் படாமல் போகும். தொடக்கநிலை ஆய்வாளர்கள் கணினி நிரலைக் குறை சொல்வதற்கு முன் மாதிரிக் குழாய்களின் சீட்டுகளைச் சரிபார்ப்பது நல்லது.

1985-இல் 7-ஆம் குரோமோசோமில் இருந்த ஒரு குறி இந்நோயுடன் பிணைந்திருப்பது தெரிந்தது. ஆனால் அது சுமார் 15 சென்டிமார்கன் தள்ளி இருந்தது.

மூன்றாம் படி, மரபணுவுக்கு இருபுறமும் நெருக்கமான வேலிக்குறிகளை நடுவது. அதே ஆண்டில் மெட் என்ற மரபணு ஒரு பக்கத்துக்கும், ஜே3.11 என்ற குறி மறுபக்கத்துக்கும் வேலியாயின. இவ்வளவு நெருக்கத்தில் பிரிதல்கள் மிக அரிது என்பதால், எண்ணுவதற்குப் போதிய குடும்பங்கள் கிடைப்பதில்லை. மரபியல் வரைபடத்தின் எல்லை இங்கேதான். வேலிகளுக்கு இடையே ஏறக்குறைய 15 லட்சம் கார இணைகள் இருந்தன.

நான்காம் படியில் பௌதிக வரைபடம் தொடங்குகிறது. ஒரு டிஎன்ஏ துண்டின் நுனியைக் கொண்டு, அதன்மேல் படியும் அடுத்த துண்டைப் பிடிப்பதைக் குரோமோசோம் நடை என்பார்கள். குளோன் செய்ய (பாக்டீரியா போன்றவற்றில் புகுத்திப் படிகளைப் பெருக்க) முடியாத பகுதி குறுக்கிட்டால் நடை அங்கேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட இடங்களைத் தாண்டிச் செல்ல, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் காலின்ஸ் குழுவினர், இடைப்பட்டதை விட்டுத் தொலைவில் உள்ள துண்டைப் பிடிக்கும் குரோமோசோம் தாவல் முறையைப் பயன்படுத்தினர். டொராண்டோவில் லாப்-சீ சூய், ஜாக் ரியோர்டன் ஆகியோர் அவர்களுடன் இணைந்து பணியாற்றினர்.

ஐந்தாம் படி, கைக்கு வந்த நீண்ட டிஎன்ஏவில் எந்தப் பகுதி மரபணு என்று பிரித்தறிவது. மாடு முதலான பிற விலங்குகளிலும் மாறாமல் இருக்கும் வரிசை, பயனுள்ளது என்பதாலேயே பரிணாமத்தில் காக்கப்பட்டிருக்கக்கூடும். அதன் பிறகு, அந்த வரிசை உடலில் உண்மையிலேயே ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நோய் வியர்வையில் வெளிப்படுவதால், வியர்வைச் சுரப்பிச் செல்களின் ஆர்என்ஏவிலிருந்து உருவாக்கிய டிஎன்ஏ தொகுப்பில் தேடினார்கள், அங்கே அகப்பட்டது. 1480 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்துக்குச் சிஎஃப்டிஆர் என்று பெயர்.

ஆறாம் படிதான் தீர்ப்பு. இருப்பிடம் பொருந்துவது மட்டும் சான்றாகாது. நோயாளியிடம் மாற்றம் இருக்க வேண்டும், இயல்பான குரோமோசோம்களில் அது இருக்கக் கூடாது. 1989-இல் வெளியான முடிவுகளின்படி, நோய்க் குரோமோசோம்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மூன்று கார இணைகள் விடுபட்டு, 508-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் போயிருந்தது. நோய் கடத்தாத பெற்றோர் குரோமோசோம்களில் அந்த மாற்றம் காணப்படவில்லை.

மனித மரபணுத்தொகுதி 2003-இல் வாசிக்கப்பட்ட பின்னர், நான்காம், ஐந்தாம் படிகளின் பெரும்பகுதி கணினித் திரைக்கு வந்துவிட்டது: வேலிக்குறிகளின் இடங்களைக் கொடுத்தால் இடைப்பட்ட மரபணுக்களின் பட்டியலே கிடைக்கும். ஆறாம் படிக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. சிஎஃப்டிஆரில் இதுவரை 2000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. 508-ஆவது இடத்தில் பழுது இல்லை என்றால், மரபணுவை விலக்கிவிடாமல் எல்லா எக்ஸான்களையும் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதிகளை) வாசித்துப் பார்க்க வேண்டும்.