இங்கிலிஷ் ரீச்சருக்கு நினைவு மலர் போடுவது எப்படி

எங்கள் இங்கிலிஷ் ரீச்சர் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். இருபத்திரண்டு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிர் மேசை. நான் தமிழ் படிப்பிக்கிறவன், அவர் இங்கிலிஷ், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. அதனாலோ என்னவோ மலர் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. முன்பும் ஒருமுறை இன்னொரு சக ஆசிரியருக்கு இதைச் செய்து, அது சரியாக வராமல் போன அனுபவம் இருந்தது. இரண்டிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன், கொழும்பில் வேறு யாருக்காவது இதே வேலை வந்தால் உதவும்.

பேனையைப் பிறகு எடுக்கலாம், முதலில் மேசையைக் காப்பாற்றுங்கள். முதல் தடவை நாங்கள் இதைத்தான் விட்டோம். செத்தவீடு, எட்டாம் நாள் சடங்கான எட்டு என்று ஓடித்திரிந்துவிட்டு வந்து பார்த்தால், புது ஆளுக்கு இடம் வேண்டுமென்று லாச்சியைத் துப்புரவாக்கி எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு அது வெறும் கடதாசி. இந்த முறை அடக்கம் முடிந்த அடுத்த நாளே அதிபரிடம் சொல்லி லாச்சியையும் அலுமாரியையும் பூட்டி வைத்தேன். பாடக்குறிப்புக் கொப்பிகள், கையால் எழுதிய டிக்டேஷன் பட்டியல்கள், ஆங்கில தினப் போட்டிக்கு எழுதிய குட்டி நாடகங்கள், வகுப்பில் பறித்து வைத்துத் திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு யோயோ. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிட்டு, ஒரு பெட்டியில் போட்டு வீட்டாரிடம் கொடுங்கள். பிள்ளைகளின் புள்ளிப் பதிவேடு மட்டும் பாடசாலைக்குரியது, பிள்ளைகள் நம்பி எழுதிக் கொடுத்த சொந்தக் கடிதங்கள் இருந்தால் அவற்றை வாசிக்காமல் தனியே வையுங்கள்.

அடுத்து வீட்டார். எட்டு முடியுமட்டும் இந்தக் கதையையே எடுக்க வேண்டாம். முப்பத்தோராம் நாளுக்கு அவர்கள் எப்படியும் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பார்கள்: தேவாரம், திருவாசகம், திதி வெண்பா, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். அது குடும்பத்தின் புத்தகம், அதற்குள் நீங்கள் நுழைந்து பத்துப் பக்கம் கேட்டால் மறுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் கஷ்டப்படுவார்கள். உங்களுடையது வேறாக இருக்கட்டும், பிந்தியும் வரட்டும். முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்தால் போதும். (கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நினைவுத் திருப்பலியோ ஆராதனையோ எப்போது என்று கேட்டு அதையொட்டி வைத்துக்கொள்ளலாம்.) கேட்க வேண்டியவை மூன்று: எந்தப் படம், பெயரும் முதலெழுத்தும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது. மூன்றாவதை வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கள் ரீச்சரின் மகள், அம்மாவுக்கு வந்த வருத்தத்தின் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்று சொன்னா. வரவில்லை.

இனித்தான் உண்மையான தலையிடி. வட்ஸ்அப்பில் குழுத் தொடங்கி, நினைவுக் கட்டுரை தாருங்கள் என்று போட்டேன். அறுபது பேருக்கு மேல் கைகூப்பினார்கள், அழுத முகம் போட்டார்கள், 'கட்டாயம் தருகிறேன்' என்றார்கள். ஒரு மாதத்தில் வந்தவை இரண்டு. ஒன்று ஓய்வுபெற்ற அதிபர் எழுதியது, மற்றது நான் எழுதியது. பிறகு ஒரு பழைய மாணவன், இன்று வங்கியில் பெரிய உத்தியோகம், வெள்ளவத்தைச் சந்தையில் கண்டபோது இரகசியம் போலச் சொன்னான்: "சேர், நான் மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். பிழை வந்தால் ரீச்சர் என்ன நினைப்பா?"

அதுதான் விஷயம். இங்கிலிஷ் ரீச்சரைப் பற்றி இங்கிலிஷில்தான் எழுத வேண்டும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், எழுதினால் சிவப்புப் பேனையோடு வந்து நிற்பா என்று பயந்துகொண்டும் இருந்தார்கள். அன்றிரவே குழுவில் போட்டேன்: தமிழில் எழுதலாம், இரண்டையும் கலந்து எழுதலாம், எழுதவே வேண்டாம், குரல் பதிவு அனுப்பினாலும் போதும், நான் தட்டச்சு செய்கிறேன். ஒரு கிழமையில் நாற்பத்தொன்று வந்தது. குரல் பதிவுகள்தான் நல்லவை. பின்னால் காலி வீதி பஸ் ஹோர்ன், குழந்தை அழுகிற சத்தம், நடுவில் பேச்சு நின்று போய் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். கேட்டு எழுதும்போது பேச்சு நடையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம், ஆனால் செந்தமிழாக்கிவிடாதீர்கள், ஆள் காணாமல் போய்விடும்.

'ரீச்சரைப் பற்றி எழுதுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'அன்பின் வடிவம், பண்பின் சிகரம், ஏணி, மெழுகுவர்த்தி' என்றுதான் வரும். அந்த வரிகளில் பெயரை மாற்றினால் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். அதற்குப் பதிலாக, அவர் திருத்திய எந்தப் பிழையை நீங்கள் இன்றுவரை மறக்கவில்லை, வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார், கோபம் வந்தால் எந்த மொழிக்கு மாறுவார் என்று கேளுங்கள். எங்கள் ரீச்சர் கோபம் வந்தால் சுத்தமான பருத்தித்துறைத் தமிழுக்கு மாறுவார், இதை மட்டும் பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். நான் பதினொன்றையும் போட்டேன். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதே என்று வெட்டச் சொன்னவர்களும் உண்டு. வெட்டாதீர்கள், ஒரு வகுப்பே ஒன்றை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது?

அவர் படிப்பித்த முறைக்கென்று ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். சின்ஸ் (since), ஃபோர் (for) வித்தியாசத்தை அவர் பம்பலப்பிட்டி பஸ் தரிப்பில் நிறுத்தித்தான் சொல்லிக் கொடுப்பார். நூறாம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிறாய். ஏழு மணியிலிருந்து நிற்கிறேன் என்றால் சின்ஸ். அரை மணித்தியாலமாக நிற்கிறேன் என்றால் ஃபோர். 'இலிருந்து' வந்தால் அது, 'ஆக' வந்தால் இது, தமிழிலேயே விடை இருக்கிறது, ஏன் பயப்படுகிறாய் என்பார். வகுப்புக்குக் கொண்டுபோக முதல் என் மேசைக்கு வந்து, இந்த விதி எங்கேயாவது பிசகுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் பிசகாது என்றேன். 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்று இடைவேளை முழுவதும் என்னைக் குடைந்தெடுத்தார். இப்படியான ஒன்றைப் போட்டால், நாளைக்குப் புதிதாக வருகிற இங்கிலிஷ் ஆசிரியர் அதை எடுத்து வகுப்பில் பாவிக்கலாம்.

இங்கிலிஷில் வந்தவற்றில் பிழை இருந்தால்? எழுத்துப் பிழைகளைத் திருத்துங்கள், ஆனால் எழுதியவருக்கு அனுப்பிக் காட்டிய பிறகு. ஒரேயொரு கடிதத்தை மட்டும் நாங்கள் வந்தபடியே விட்டோம். அந்த மாணவி, 'ரீச்சர் இருந்தால் இதில் மூன்று பிழை கண்டுபிடிப்பா' என்று முடித்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன், நான்கு.

அச்சுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது எழுத்துரு. இங்கே பல அச்சகங்களில் இன்னும் பாமினிதான், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் எழுத்துக்களை வைத்த பழைய எழுத்துரு. நீங்கள் யூனிகோடில் கொடுப்பதை அவர்கள் பாமினிக்கு மாற்றுவார்கள், அப்போது நடுவில் வருகிற ஆங்கில எழுத்துக்களும் பாமினிக்குள் மாட்டினால், ஒவ்வொன்றும் ஒரு தமிழ் எழுத்தாகக் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆங்கில ஆசிரியரின் மலரில் ஆங்கில வரிகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக வந்தால் எப்படியிருக்கும்! எங்களுக்கு முதல் புரூஃப் அப்படித்தான் வந்தது. ஆகவே புரூஃபைக் கடதாசியில் எடுத்து, இரண்டு பேர் இருந்து, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும். போன் திரையில் பார்த்து 'ஓகே' சொல்லாதீர்கள். நடுவில் பின் அடிக்கிற புத்தகமென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும், முப்பத்தெட்டுப் பக்கம் இருந்தால் இரண்டைக் கூட்டுங்கள். அந்த இரண்டில் அவருடைய கையெழுத்துப் பாடக்குறிப்பைப் போடலாம்.

வெளியீட்டுக் கூட்டம் வைத்தால் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் பின்னேரம் வையுங்கள். சனி ஞாயிறு என்றால் பாதிப் பேர் ரியூஷனில் இருப்பார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், மாணவர் முதலில், பிரமுகர் கடைசியில். மாற்றிப் போட்டால் மாணவருக்கு நேரமே வராது, எத்தனை கூட்டம் பார்த்துவிட்டோம்.

அவர் பெயரில் காசுப் பரிசு வைக்கலாமென்று யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வைப்பிலிட்ட காசின் வட்டியில் ஓடுகிற பரிசுகள் 2022இல் சாமான் விலை ஏறியபோது என்ன பாடு பட்டன என்று பார்த்திருக்கிறோம், முன்பு புத்தகக் கட்டு வாங்கிய தொகைக்கு ஒரு கொப்பி வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. நாங்கள் காசை விட்டுவிட்டு, வருடம் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆங்கிலத் தமிழ் அகராதி என்று முடிவு செய்தோம், விலை எதுவானாலும் அந்த வருடத்து ஸ்டாஃப் ரூம் அதைப் பங்குபோட்டுக் கொடுக்கும்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு, ஒன்று பாடசாலை நூலகத்துக்கு. நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்று கொடுங்கள். 2005இலிருந்து இயங்குகிற அவர்களுடைய இணைய நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்றே தனிச் சேகரிப்பு இருக்கிறது, அங்கே போய்விட்டால் தாளைக் கறையான் தின்றாலும் பரவாயில்லை. வீட்டாரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

மிச்சத்தை எல்லாம் கூட்டத்திலேயே கொடுத்து முடித்துவிடாதீர்கள். பத்துப் பிரதியாவது ஸ்டாஃப் ரூம் அலுமாரியில் இருக்கட்டும். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களில் ஒருவராவது ரீச்சரைப் பார்க்கவென்று நேரே பாடசாலைக்கு வருவார், விஷயம் தெரியாமல். போன மாதம் ஒருவர் வந்தார், கையில் ஒரு சொக்கலேட் பெட்டி. அன்று பார்த்து அலுமாரித் திறப்பு யாரிடமென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது கதவிலேயே ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.