இண்டக்ஷன் அடுப்பில் தோசைக்கல், கீழே ஓவன்

பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால்தான் இண்டக்ஷனில் சூடேறும். வெறும் அலுமினியம், செம்பு, மண்சட்டி உதவாது.

தோசைக்கல்லுக்குப் பொறுமை வேண்டும். எடுத்ததுமே முழு வேகத்தில் வைத்தால், அடுப்புக் கண்ணாடிக்கு அடியில் உள்ள காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) மேலே இருக்கும் நடுப்பகுதி மட்டும் காய்ந்து தோசை நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாகவே நிற்கும். கல் வளைந்தும் போகலாம். பாதிக்கும் குறைவான சூட்டில் 5 நிமிடம் விடுங்கள். தண்ணீர் தெளித்தால் ஓரத்திலும் சுர்ரென்று அடங்க வேண்டும். நகர்த்தும்போது இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். கண்ணாடியில் கீறல் விழும்.

ஓவனில் கேக்குக்கு மேல் கீழ் சூடு, 180 டிகிரி, நடுத்தட்டு. விசிறி ஓடினால் 160 போதும். குறைக்காவிட்டால் மேலே சிவந்துவிடும், உள்ளே மாவாக இருக்கும். இரண்டு தட்டு பிஸ்கட்டுக்கு விசிறிதான் சரி.