ஈர்க்குச்சியில் பத்துக்கட்டு: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இடமதிப்பு

"நாற்பத்து மூன்று எழுது" என்றால் இரண்டாம் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளாவது 403 என்று எழுதுவார்கள். காதில் விழுந்ததை அப்படியே எழுதியதுதான் அது. நாற்பதுக்கு 40, மூன்றுக்கு 3. சிவப்பு மையில் அடித்துப் பத்து முறை எழுதச் சொன்னால் 43 சரியாகிவிடும், 57 மறுபடி 507 ஆகும். பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்து ஆவதைப் பிள்ளையின் கை செய்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஈர்க்குச்சியை விட மலிவான, நல்ல பொருள் கிடையாது.

மணிச்சட்டம் இருக்கிறதே என்பீர்கள். மணிச்சட்டத்தில் பத்துக்கான கம்பியில் இருப்பதும் ஒரு மணி, ஒன்றுக்கான கம்பியில் இருப்பதும் அதே அளவு மணி. முதல் மணி பத்து ஒன்றுகளுக்குச் சமம் என்பதைப் பிள்ளை நம்பித்தான் ஆக வேண்டும். பத்துக் குச்சியைச் சேர்த்துக் கட்டிய ஈர்க்குக்கட்டில் நம்ப ஒன்றுமில்லை, அவிழ்த்தால் பத்து கிடக்கும். முதலில் கட்டு, பிறகு பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமும், அதற்கும் பிறகுதான் மணிச்சட்டம்.

என்னென்ன வேண்டும்

24 பிள்ளைகள், இருவர் இருவராக 12 ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடிக்கு 75 குச்சி, ஆக மொத்தம் 900. ஓர் ஈர்க்கின் தடித்த அடியையும் மெல்லிய நுனியையும் தள்ளிவிட்டால் 12 செ.மீ நீளத்தில் நான்கு துண்டு தேறும். எனவே 225 ஈர்க்கு வேண்டும். புதுத் தென்னந்துடைப்பம் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று பல நேரம் போதாது.

ஈர்க்கை முந்தின இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். காய்ந்ததை வெட்டினால் பிளந்து, சிலாம்பு விரலில் ஏறும். வெட்டு நேராக இருக்கட்டும், சாய்வாக வெட்டினால் முனை ஊசியாகிவிடும். வெட்டியதைக் கைப்பிடியாகச் சேர்த்துச் சிமெண்டுத் தரையில் இருபக்க முனையையும் நாலு தேய் தேய்த்துவிட்டு, ஒரு நாள் நன்றாக வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கட்டுவதற்கு ரப்பர் பேண்டு 120. தொண்ணூறு போதும்தான், ஆனால் கோடையில் அறுந்துகொண்டே இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ரப்பர் பேண்டை முறுக்கி இரண்டாம் சுற்றுப் போடுவது எளிதல்ல. ஒரு பிள்ளை குச்சிகளைப் பிடிக்க, மற்றது சுற்றட்டும். ஜோடியாக உட்கார வைப்பதற்கு இது ஒரு காரணம். நூறு குச்சி சேர்ந்த பெரிய கட்டுக்குப் பழைய சைக்கிள் ட்யூபை ஒரு செ.மீ அகலத்துக்கு வளையமாக வெட்டி வையுங்கள். பத்துக் கட்டு பத்தை அது இறுக்கிப் பிடிக்கும், அறாது.

ஆட்டத்தில் உருட்டும் பகடைக்குப் புளியங்கொட்டை. ஜோடிக்கு ஆறு, உதிரி சேர்த்து 80. ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமெண்டில் தேய்க்க வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டு தேயுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் கொட்டை சூடேறும், அதைப் பக்கத்துப் பிள்ளை கையில் வைத்து அலற விடுவதற்கு எந்த வகுப்பிலும் ஆள் உண்டு. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு. ஆமணக்கு விதையும் கூடாது. கொட்டையை மூக்கில் நுழைத்துக்கொள்ளும் வயது இது என்பதால், ஆட்டம் முடிந்ததும் ஆறும் திரும்பி வந்ததா என்று எண்ணி வாங்குங்கள்.

இனி விரிப்பு. சார்ட் தாள் 56 × 71 செ.மீ இருக்கும். ஒரு தாளில் 30 × 26 செ.மீ அளவில் நான்கு வெட்டலாம், 24 பிள்ளைகளுக்கு ஆறு தாள். ஒவ்வொன்றையும் நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். இடப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும், தலையில் "பத்து" என்று எழுதுங்கள். வலப்பக்கம் "ஒன்று". அதில் மட்டும் வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை, பத்து கட்டம். ஒரு கட்டத்தில் ஒரு குச்சிதான்.

இந்தப் பத்துக் கட்டம் அலங்காரத்துக்கு அல்ல. இது இல்லாவிட்டால் வகுப்பில் பாதிக் கட்டுகளில் ஒன்பதோ பதினொன்றோ இருக்கும். பிறகு எந்தக் கணக்கும் சரியாக வராது, ஏன் வரவில்லை என்று யாருக்கும் புரியாது.

முதல் நாள்: குவியல்

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கை குச்சி கொடுத்து எத்தனை என்று கேளுங்கள். நாற்பதுக்கு மேல் இருக்கட்டும். இருவரும் தனித்தனியே எண்ணினால் 41 என்று ஒன்று சொல்லும், 44 என்று மற்றது சொல்லும். 27-இல் யாராவது கூப்பிட்டால் விட்ட இடம் மறந்து முதலிலிருந்து தொடங்கும். அந்த எரிச்சல் வரட்டும், அவசரப்பட்டு உதவ வேண்டாம். பிரித்துப் பிரித்து வைக்கலாம் என்று அவர்களாகவே சொல்வார்கள். சிலர் ஐந்தைந்தாக, சிலர் கைக்கு வந்தபடி. அதன் பிறகு விரிப்பைக் கொடுங்கள்.

முன்கூட்டியே கட்டிய கட்டுகளை மேசையில் அடுக்கி வைத்துக் கற்பிக்கும் பழக்கம் உண்டு. நேரம் மிச்சமாகும், பாடம் மிச்சமாகாது. பிள்ளைக்கு அது ஒரு தடித்த குச்சி, அவ்வளவுதான். கட்டுவது பிள்ளையின் வேலை.

கொட்டை உருட்டி ஆட்டம்

ஆறு கொட்டையையும் உள்ளங்கையில் குலுக்கி உருட்ட வேண்டும். எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை குச்சி எடுத்துக் கட்டங்களில் வைக்க வேண்டும். பத்தும் நிறைந்ததும் வாரியெடுத்துக் கட்டி, இடப்பக்கம் நகர்த்த வேண்டும். முதலில் மூன்று கட்டு சேர்த்தவர் வென்றார். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை உருட்டினால் முடிந்துவிடும், கட்டும் நேரம் சேர்த்து 20 நிமிடம்.

எல்லாம் கறுப்பாக விழுந்தால் பூஜ்யம், குச்சி கிடையாது. சில வீடுகளில் எல்லாம் கறுப்பு என்றால்தான் பெரிய எண். அந்தப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், விதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கட்டத்தில் எட்டு இருக்கிறது, உருட்டியதில் ஐந்து விழுகிறது. இரண்டை வைத்ததும் பத்து நிறைந்துவிடும், மூன்று கையில் நிற்கும். சில பிள்ளைகள் அந்த மூன்றையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், சிலர் மூன்றைக் குவியலிலேயே போட்டுவிடுவார்கள். "கையில் இருப்பது யாருடையது?" என்று மட்டும் கேளுங்கள். கட்டிய பிறகு காலியான கட்டத்தில் அதை வைக்கும் அந்த நொடிதான் இனமாற்றிக் கூட்டல், அதாவது பத்து ஒன்றுகளை ஒரு பத்தாக மாற்றிக் கூட்டுவது.

உட்காரும் முறையும் முக்கியம். இருவரையும் எதிரெதிரே வைக்காதீர்கள், ஒருவர் விரிப்பைப் பார்க்கும் மற்றவருக்குப் பத்து வலப்பக்கம் தெரியும். பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். வகுப்பைப் பார்த்து நின்று விரிப்பைக் காட்டும் ஆசிரியருக்கும் இதே சிக்கல் உண்டு. பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே திசை பார்த்து உட்காருங்கள்.

எண்ணின் பெயரால் வரும் குழப்பம்

பதினாறு, அறுபது. பதினேழு, எழுபது. பதிமூன்று, முப்பது. காதுக்கு இவை இரட்டைப் பிள்ளைகள். குச்சியோடு ஒரு விதி சொல்லிக் கொடுக்கலாம்: பத்து முன்னால் வந்தால் ஒரே கட்டு, பின்னால் வந்தால் பல கட்டு. பதினாறுக்கு ஒரு கட்டும் ஆறு குச்சியும், அறுபதுக்கு ஆறு கட்டு. நீங்கள் பெயரைச் சொல்ல, அவர்கள் விரிப்பில் வைக்கட்டும். ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்.

இந்த விதிக்கு ஒன்பது அடங்காது. வாலில் "பது" இருக்கிறது, கட்டு ஒன்றுகூட இல்லை. தொண்ணூறு அதைவிட மோசம், ஒன்பது கட்டை வைத்துக்கொண்டு வாயால் நூறு என்கிறோம். எண்பத்தொன்பதுக்குப் பிறகு "எண்பத்துப் பத்து" என்று சொல்லும் பிள்ளை முட்டாள் அல்ல, மொழியை விட ஒழுங்காக இருக்கிறது. ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று அந்த வயதில் விளக்கப் போக வேண்டாம். இரண்டு ஜோடிகளைச் சேர்த்து ஒன்பது கட்டு அடுக்கி "தொண்ணூறு" என்று சொல்ல வையுங்கள். பத்தாம் கட்டை வைத்து, ட்யூப் வளையம் மாட்டி "நூறு" என்று சொல்ல வையுங்கள். இரண்டையும் தூக்கிப் பார்த்தால் போதும்.

எழுத்துக்கு வருவது

இப்போதுதான் 403-க்கு மருந்து. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 5 × 7 செ.மீ அளவில் 1 முதல் 9 வரை ஒன்பது அட்டை. 10 × 7 செ.மீ அளவில் 10, 20 என்று 90 வரை ஒன்பது. 40 அட்டையில் 4 இடப் பாதியிலும் 0 வலப் பாதியிலும் சரியாக அமைய வேண்டும். விரிப்பில் நான்கு கட்டும் மூன்று குச்சியும் இருக்கும்போது, பிள்ளை 40 அட்டையை எடுத்து, 3 அட்டையை வலப்பக்க ஓரம் ஒட்ட அதன்மேல் வைக்கட்டும். பூஜ்யம் மூடிக்கொள்ளும், 43 தெரியும். தூக்கிப் பார்த்தால் பூஜ்யம் உள்ளேயே இருக்கிறது. இதைப் பிள்ளைகள் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அட்டை அகலம் சரியாக இரு மடங்கு இல்லாவிட்டால் பூஜ்யத்தின் ஓரம் எட்டிப் பார்த்து வித்தை கெட்டுவிடும்.

கழித்தல்

43-இலிருந்து 17 எடுக்கச் சொன்னால் தாளில் 34 என்று எழுதும் பிள்ளை, 3-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 3-ஐ எடுத்திருக்கிறது. விரிப்பில் அந்தத் தப்பு நடக்க வழியில்லை, மூன்று குச்சிதான் கிடக்கிறது. ஆனால் வேறொன்று நடக்கும். கட்டை அவிழ்க்காமல் அதிலிருந்து நாலு குச்சியை உருவி எடுத்துவிடுவார்கள். ரப்பர் பேண்டு தொளதொளவென்று ஆறு குச்சியோடு பத்தின் பக்கத்திலேயே கிடக்கும், அதையும் பத்து என்றே எண்ணுவார்கள். எனவே ஒரு கட்டுப்பாடு: அவிழ்த்தால் முழுக் கட்டும் வலப்பக்கம் போக வேண்டும், ரப்பர் பேண்டு டப்பாவுக்குப் போக வேண்டும். கட்டங்களில் இடம் போதாமல் 13 குச்சியும் குவியும், பரவாயில்லை.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். குச்சி எல்லோருக்கும் ஒன்றுதான். பத்துவரை எண்ணத் தடுமாறும் பிள்ளை வலப்பக்கக் கட்டங்களில் வைத்து எண்ணட்டும், அடுத்தது கட்டட்டும், முந்திப் போனது அவிழ்த்துக் கழிக்கட்டும்.

குச்சியை ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள். விரிப்பில் வைத்ததும் ஒரு துண்டால் மூடி, "இப்போது ஒன்பது எடுத்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். துண்டைத் தூக்காமல் சொல்லும் பிள்ளைக்கு இனித் தாள் போதும். தூக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னால், ஜோடிக்கு ஏழு கட்டும் ஐந்து உதிரியும் என்று எண்ணி டப்பாவில் போடச் சொல்லுங்கள். குறைந்தால் பெஞ்சுக்கு அடியில் பாருங்கள். அங்கேயும் இல்லாவிட்டால், யாரோ ஒருவர் சட்டைப் பையில்.