கம்பெனி பதிவில் மூலதன வரம்பை முதலிலேயே கூட்டிப் போடுங்கள்

பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்யும்போது அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி மொத்தம் எவ்வளவு மதிப்புக்குப் பங்கு வெளியிடலாம் என்ற வரம்பு) என்ற இடத்தில் வழக்கம்போல 1 லட்சம் என்று போடாமல், 10 அல்லது 15 லட்சமாகப் போடுங்கள். 15 லட்சம் வரை மத்திய அரசின் பதிவுக் கட்டணம் பூஜ்யம்தான். அதே வரம்பைப் பின்னாளில் 1 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தப் போனால் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டி வரலாம். அப்புறம் பங்குதாரர் கூட்டம், தீர்மானம், மூலதன உயர்வை அரசுக்குத் தெரிவிக்கும் எஸ்ஹெச்-7 படிவம், ஆடிட்டர் கூலி வேறு.

பயப்பட வேண்டாம், இது வெறும் உச்சவரம்பு. அவ்வளவு பணத்தையும் வங்கியில் கட்ட வேண்டியதில்லை. 10,000 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டே தொடங்கலாம். குறைந்தபட்ச மூலதன விதியை 2015-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் முத்திரைத்தாள் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வரம்பு ஏற ஏற அதுவும் ஏறும் மாநிலமென்றால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை), சாதாரணக் கூட்டாண்மை நிறுவனம் தொடங்குபவர்களுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே பதிவு செய்துவிட்ட கம்பெனிக்கும் இந்தச் சலுகை இல்லை.