இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரைக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைன், கோசைன் உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும்.

படி 1: இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நகரத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் பல விமான நிலையங்கள் உண்டு. ஹீத்ரோ: அட்சரேகை வடக்கு 51.47 டிகிரி, தீர்க்கரேகை மேற்கு 0.45 டிகிரி. ஜேஎஃப்கே: வடக்கு 40.64, மேற்கு 73.78. இரண்டுமே மேற்கில் இருப்பதால் தீர்க்கரேகையைக் கழிக்கிறோம்: 73.33. ஒன்று கிழக்கில் இருந்தால் கூட்ட வேண்டும். தெற்கு அட்சரேகைக்கு மைனஸ் குறி.

படி 2: தூரம்

வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் தப்பாகிவிடும். பூமி உருண்டை, தட்டையான வரைபடத்தில் வடக்கே வளைந்து போவதுபோலத் தெரிகிற பாதைதான் உண்மையில் குறுக்கு வழி. சூத்திரம் இது:

கோசைன்(கோணம்) = சைன்(அட்சம் 1) × சைன்(அட்சம் 2) + கோசைன்(அட்சம் 1) × கோசைன்(அட்சம் 2) × கோசைன்(தீர்க்க வித்தியாசம்)

நம் எண்களைப் போட்டால் 0.5095 + 0.1356 = 0.6451. இதற்குத் தலைகீழ் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் 49.83 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். ஆக, சுமார் 5,540 கிலோமீட்டர். கால்குலேட்டர் ரேடியன் முறையில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். டிகிரிக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 3: நேரம்

தூரத்தைவிட இதுதான் சுவாரசியம். பெரிய ஜெட் விமானங்களுக்கு மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 6 மணி 10 நிமிடம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் ஒரு முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். கிட்டத்தட்ட 7 மணி.

ஆனால் அட்டவணையில் போவதற்கு 8 மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருக்கும். திரும்பி வர 7 மணி. காரணம் காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் தரையைப் பொறுத்த வேகம் 800 ஆகிவிடும். அப்புறம் 5,540-ஐ 800-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 7 மணி நேரம் பறப்பதற்கே போய்விடும்.

படி 4: கடிகாரம்

காலை 10 மணிக்குக் கிளம்பி மதியம் 1 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறதா? அது 3 மணி நேரப் பயணம் இல்லை. இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி நேரம் பின்னால் இருப்பதால் 3 + 5 = 8. மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் இரு நாடுகளும் வெவ்வேறு தேதியில் கடிகாரத்தை மாற்றுவதால் சில நாள்களுக்கு வித்தியாசம் 4 மணிதான்.

இவ்வளவு செய்தும் அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை என்றால் விமானம் சுற்றிப் போகிறதா என்று பாருங்கள். ஹெல்சிங்கி–டோக்கியோ முன்பு ஏறக்குறைய 9 மணி நேரப் பயணம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் அது சுமார் 13 மணி நேரமானது. அந்த மாதிரித் தடங்களுக்கு இந்தச் சூத்திரம் குறைந்தபட்ச தூரத்தைத்தான் சொல்லும்.