மருந்து ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மாத்திரை டப்பா இல்லாத தமிழ் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று ஏதாவது ஒன்று யாருக்காவது இருக்கும். வாட்ஸ்அப்பில் “புதிய ஆய்வு” என்று ஒரு செய்தி அந்த மாத்திரையைப் புகழும், இன்னொன்று விஷம் என்னும். அதை நம்பி டாக்டரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பலரும் முதலில் சறுக்குவது சதவீதத்தில்தான். 2003இல் வெளியான ஆஸ்காட் ஆய்வில் ரத்த அழுத்தம் உள்ள 10,305 பேர் இருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மாரடைப்பு 36 சதவீதம் குறைந்தது என்று செய்தி வந்தது. உண்மைதான். ஆனால் ஆட்களை எண்ணிப் பாருங்கள்: சுமார் மூன்றே கால் ஆண்டில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 154 பேருக்கும், மருந்து சாப்பிட்டவர்களில் 100 பேருக்கும் பாதிப்பு வந்தது. நூற்றுக்கு 3 பேர் என்பது 2 பேராகக் குறைந்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு ஆபத்து இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அவருக்கு இதே மருந்தின் பலனும் பெரிதாகவே இருக்கும். அதனால் சதவீதத்தைக் கண்டதும், “நூறு பேரில் எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டில்?” என்று கேளுங்கள்.

அடுத்தது, ரிப்போர்ட்டில் எண் குறைந்தாலே போதும் என்ற நினைப்பு. சர்க்கரை நோயாளிகள் உள்ள நம் வீடுகளில் இது ரொம்பச் சகஜம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு ஆய்வில் 10,251 சர்க்கரை நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்குச் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்தார்கள். எண் அழகாக இறங்கியது, ஆனால் அந்தக் குழுவில் 257 பேர் இறந்தார்கள், மற்றதில் 203 பேர். 2008இல் அந்தக் கடுமையான சிகிச்சையை நிறுத்த வேண்டியதாயிற்று. இதைச் சாக்காக வைத்துச் சர்க்கரையைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரே ஆய்வை நம்பிவிடுவது எப்படி ஏமாற்றும் என்பதை நம் குவாசூலு-நட்டால் மாகாணமே பார்த்திருக்கிறது. எச்ஐவி தொற்றைத் தடுக்க, பெண்கள் பயன்படுத்தும் டெனோஃபோவிர் ஜெல்லை டர்பனின் கப்ரிசா மையம் 889 பெண்களிடம் சோதித்தது. மருந்து ஜெல் குழுவில் 38 பேருக்குத் தொற்று, வெற்று ஜெல் குழுவில் 60 பேருக்கு. 39 சதவீதக் குறைவு என்று 2010இல் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நேர்மையான, நல்ல ஆய்வு அது. ஆனால் எண்ணிக்கை சிறியது என்பதால், உண்மையான பலன் 6 சதவீதமாகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம் என்று அந்த ஆய்வே காட்டியது. தலைப்புச் செய்தியில் அந்த இடைவெளியைத் தேடினால் கிடைக்காது. அப்புறம் வாய்ஸ், ஃபாக்ட்ஸ் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. இரண்டிலும் ஜெல்லால் பலன் தெரியவில்லை. வாய்ஸில் ரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பாலான மாதிரிகளில் மருந்தே இல்லை. தினமும் அதைப் பயன்படுத்துவது பல பெண்களுக்கு முடியாத காரியமாக இருந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மருந்து வாழ்க்கையில் தோற்கவும் கூடும்.

“எனக்கு இதைச் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது” என்ற சாட்சியத்தை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சளியும் முதுகுவலியும் பெரும்பாலும் தானாகவே ஆறும். வெற்று மாத்திரைக் குழு ஒன்று வேண்டியிருப்பது இதனால்தான்.

கடைசியாக, ஆய்வில் யார் இருந்தார்கள் என்று பார்க்காமல் விடுவது. ஆஸ்பிரின் பற்றிய ஆஸ்ப்ரீ ஆய்வு 2018இல் வெளிவந்தது. 19,114 முதியவர்கள், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்கள், இதய நோய் வராதவர்கள். அவர்களுக்கு ஆஸ்பிரினால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. மாரடைப்பு வந்தவர்களும், இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தவர்களும் அந்த ஆய்விலேயே இல்லை. உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் இருந்தால் இந்த முடிவு அவருக்குப் பொருந்தாது. இதைப் படித்துவிட்டு அவர் ஆஸ்பிரினை நிறுத்தினால் அந்தக் குழாயிலேயே ரத்தம் உறைந்து அடைக்கலாம்.