அடுக்குமாடியில் மளிகைப் பை கொடுக்கத் தொடங்குவது எப்படி? 20 வீட்டுக் கணக்கு

அரிசி வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தடித்த அட்டை போட்டது, கடையில் சில வெள்ளிதான் (மலேசிய ரிங்கிட்). "உதவி செய்ய ஆசை, எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். அவர்கள் மனதில் லோரி நிறைய அரிசி மூட்டை ஓடிக்கொண்டிருக்கும்.

நான் இருப்பது கோலாலம்பூர், செந்தூல் பக்கம். 2021 ஜூலையில், கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, உதவி தேவைப்பட்ட வீடுகளில் வெள்ளைக் கொடி தொங்கியது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் புளோக்கில் மூன்று கொடிகள். அந்த மூன்று வீட்டு வாசலிலும் இரண்டே நாளில் அரிசியும் மீகூனும் (அரிசி சேமியா) குவிந்துவிட்டன. கொடி கட்டக் கூச்சப்பட்ட வீடுகளுக்கு ஒன்றும் போகவில்லை. அவை எந்தெந்த வீடுகள் என்று அதே புளோக்கில் இருந்த எங்களுக்கே தெரியாது. சாமான் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை, யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் வேலை இருக்கிறது என்பது எங்களுக்கு அப்போது புரிந்தது.

கீழே இருப்பது 20 வீட்டுக்கான கணக்கு. நாலைந்து பேர், ஒரு கார், ஒரு தராசு, சாமான் வைக்க ஓர் அறை போதும். நூறு வீடு என்று ஆரம்பித்து மூன்றாவது மாதம் காணாமல் போன குழுக்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு அது இன்னும் பெரிய அடி.

படி 1: இரண்டு வாரம் கேளுங்கள், ஒன்றும் கொடுக்காதீர்கள்

வீடு வீடாகத் தட்டிக்கொண்டு போகாதீர்கள். கீழ்த்தளத்து மளிகைக் கடைக்காரரிடம் போங்கள். அவரிடம் கடன் நோட்டு இருக்கும். யார் 10 கிலோ அரிசியிலிருந்து 2 கிலோவுக்கு இறங்கிவிட்டார்கள், யார் ஒரு முட்டை இரண்டு முட்டையாக வாங்குகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பெயரைக் கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டார். "அவங்க சரின்னா எங்க நம்பரைக் கொடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கோயிலில் அன்னதானம் பரிமாறுகிற அக்கா, பாலர் பள்ளி ஆசிரியை, சுராவ் (சிறிய தொழுகை இடம்) பொறுப்பாளர் ஆகியோரிடமும் இதையே சொல்லி வையுங்கள். எங்கள் முதல் 20 வீட்டில் 13 வீடு கடைக்காரர் வழியாக வந்தவை.

அழைத்துப் பேசுகிறவர்களிடம் ஐந்தே கேள்வி, பதிலை அந்த நோட்டில் எழுதுங்கள்: வீட்டில் எத்தனை பேர்? அடுப்பும் கேஸும் இருக்கிறதா? எது சாப்பிடமாட்டீர்கள்? கைக்குழந்தையோ நோயாளியோ உண்டா? கீழே வந்து வாங்கிக்கொள்ள முடியுமா?

சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அடையாளக் கார்டு நகல் வாங்காதீர்கள். வாங்கினால் அதைப் பத்திரமாக வைக்கிற பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும். அப்படியானால் ஏமாற்றமாட்டார்களா என்று கேட்பீர்கள். 20 வீட்டில் ஒன்று ஏமாற்றலாம். அந்த ஒன்றுக்காக மற்ற 19 வீட்டையும் விசாரணையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

இரண்டாவது கேள்வியை நாங்கள் ஆரம்பத்தில் கேட்கவில்லை. பதினோராவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த தடவை போனபோது பை கட்டிய கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. "கேஸ் முடிஞ்சி பத்து நாளாச்சி பாப்பா, இதை வச்சி நான் என்ன செய்ய?" என்றார். பத்து நாளும் பிஸ்கட்டைக் கோப்பியில் தொட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறார். 14 கிலோ சிலிண்டர் சலுகை விலையில் 26 வெள்ளி 60 சென். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

படி 2: அரசாங்க உதவி வருகிறதா என்று பாருங்கள்

பை கொடுப்பதற்கு முன் இதைச் செய்தால் சில வீடுகளுக்குப் பையே தேவைப்படாது. ரொக்க உதவியான எஸ்.டி.ஆர். பதிவு இருக்கிறதா, மைகார்டை (அடையாளக் கார்டை) காட்டிச் சாமான் வாங்கும் சாரா உதவியில் மிச்சம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல் அந்த ஆண்டு முடியும்வரை செலவழிக்க, 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்டில் 100 வெள்ளி வந்தது. எங்கள் புளோக்கில் அது வந்ததே தெரியாத வயதானவர்கள் இருந்தார்கள். பணமாகக் கைக்கு வராது, பதிவு செய்த கடையில் கார்டைக் கொடுத்து வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. பேரப்பிள்ளை கூடப் போனால் பத்து நிமிட வேலை.

முதியோர், உடற்குறையுள்ளோர், தனித்து வாழும் தாய்மார்களுக்குச் சமூக நல இலாகாவின் மாத உதவித் தொகை உண்டு. மனு போடத் துணைக்குப் போங்கள், பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். அவசரம் என்றால் 15999, தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்களும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்), எந்தக் கார்டுமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். நம் சமூகத்தில், குறிப்பாகத் தோட்டத்திலிருந்து வந்த முதியவர்களில், இவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. எஸ்.டி.ஆரும் சாராவும் குடிமக்களுக்குத்தான். அதனால் எங்கள் நோட்டில் இந்த வீடுகள் முதல் பக்கத்தில் இருக்கும்.

படி 3: பணமும் பெயரும்

சங்கப் பதிவிலாகாவில் பதிய, 1966 சங்கச் சட்டப்படி, குறைந்தது ஏழு பேர் வேண்டும். முதல் ஆறு மாதம் அதற்கு அவசரப்படாதீர்கள். ஏற்கெனவே பதிவுள்ள கோயில் நிர்வாகம், குடியிருப்பாளர் சங்கம் ஏதாவது ஒன்றின் நிழலில் ஆரம்பியுங்கள். தெருவில் உண்டியல் ஏந்துவது, வீடு வீடாக வசூல் செய்வது இதெல்லாம் வேண்டாம். அதற்கு 1947-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, போலீஸ் அனுமதி வேண்டும். தெரிந்தவர்கள் மாதம் 20 வெள்ளி, 50 வெள்ளி என்று கொடுப்பதே 20 வீட்டுக்குப் போதும். நன்கொடைக்கு வரி விலக்கு ரசீது கேட்பார்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) உட்பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் அதைத் தர முடியும். உங்களால் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

கணக்கை மாதக் கடைசியில் ரசீதுகளோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

படி 4: பையில் என்ன?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எங்கள் பட்டியல் இது: அரிசி 10 கிலோ, பருப்பு 1 கிலோ, சீனி 1 கிலோ, கோதுமை மாவு 1 கிலோ, சமையல் எண்ணெய் 1 போத்தல், முட்டை ஒரு தட்டு, சார்டின் இரண்டு டின், மீகூன் ஒரு பாக்கெட், காய்ந்த நெத்திலி ஒரு கைப்பிடி, வெங்காயம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள். கூடவே குளியல் சோப்பு, துணி சோப்புத்தூள், பெண்கள் இருக்கும் வீட்டுக்கு மாதவிடாய் அணையாடை. பையைப் பிரித்ததும் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் எடுத்து உள்ளே வைப்பார்கள். வெட்கப்பட்டு யாரும் கேட்காத பொருள் அது.

எங்கள் பக்கத்துக் கடைகளில் இது ஏறக்குறைய 70 வெள்ளி வருகிறது. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோவுக்கு 26 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலை உண்டு, ஆனால் எல்லா வாரமும் கடையில் கிடைக்காது. இறக்குமதி அரிசிக்கு மாறினால் பட்ஜெட் எகிறும். நம் வீடுகளில் சிலர் பொன்னி கேட்பார்கள். கேட்டால் கோபப்படாதீர்கள். சர்க்கரை வியாதிக்காரர் வெள்ளை அரிசி வேண்டாம் என்பதில் அர்த்தம் இருக்கிறது, அவருக்கு 5 கிலோ புழுங்கல் பொன்னி போதும். 2 வெள்ளி 50 சென் சலுகை விலைப் பாக்கெட் எண்ணெயை மொத்தமாக வாங்கித் தரலாமே என்பார்கள். அது வீட்டு உபயோகத்துக்கு, ஓர் ஆளுக்கு இத்தனைதான் என்று கடையில் கட்டுப்பாடு இருக்கும். அந்த வழி போகாதீர்கள்.

முட்டையையும் பருப்பையும் மட்டும் வெட்டாதீர்கள். கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிகளைப் பற்றி யுனிசெஃப் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும் 15 விழுக்காட்டினர் எடை குறைந்தும் இருந்தார்கள். பணம் குறைந்த மாதம் மேகி மீயை அள்ளிப் போட்டுப் பையை உப்ப வைக்கத் தோன்றும். அதற்குப் பதில் பையே சின்னதாக இருக்கட்டும்.

எங்கள் புளோக்கில் எல்லா இனமும் உண்டு. அதனால் எல்லாப் பையிலும் ஹலால் முத்திரை உள்ள பொருள்தான், மாட்டிறைச்சி டின் எதிலும் கிடையாது. சைவக்காரர் பையில் சார்டினுக்கும் நெத்திலிக்கும் பதில் கொண்டைக்கடலை. அதன் வாயைப் பச்சை நூலால் கட்டிவிடுவோம். அவசரத்தில் பை மாறிப் போகாமல் இருக்க இந்த நூலை விடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. டின் வாங்கும்போது இழுத்துத் திறக்கும் வளையம் உள்ளதாகப் பாருங்கள். எல்லா வீட்டிலும் டின் திறப்பான் இருக்காது, கத்தியால் குத்தி விரலை வெட்டிக்கொண்டவர் எங்கள் நோட்டிலேயே இருக்கிறார்.

பிள்ளைகளின் நெப்பிக்கு (டயப்பருக்கு) அளவு கேட்டு எழுதுங்கள். பால் மாவு கொடுப்பதானால், குழந்தை ஏற்கெனவே குடிக்கும் அதே வகை, சீல் உடையாத டின். பொதுவாக எதையோ வாங்கிப் பையில் போடாதீர்கள்.

படி 5: இலவசமாக வருவதைச் சலித்து வாங்குங்கள்

நாலு மாதம் ஒழுங்காக நடந்தால் ஊர் தேடி வரும். "கல்யாணத்துல பிரியாணி மிஞ்சிருச்சி, எடுத்துக்கிறீங்களா?" என்று இரவு பதினொரு மணிக்குப் போன் வரும். எப்போது சமைத்தது என்று கேளுங்கள். சமைத்த சோறு நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் கிடக்கும் சாப்பாட்டில் கிருமி பெருகும், நம் ஊர் சூட்டில் கேட்கவே வேண்டாம். மதியம் சமைத்தது என்றால் "நன்றி, வேண்டாம்" என்று சொல்லப் பழகுங்கள். எனக்கு அதைப் பழக ஒரு வருடம் ஆனது.

2020-இல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பான உணவை நல்ல எண்ணத்தோடு கொடுத்தவரை வழக்கு பயமுறுத்தக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. கொடுக்கத் தயங்கும் ரொட்டிக் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். கெட்டுப்போனதைத் தள்ளிவிட அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

டின்னில் தேதி பாருங்கள். 'தாரிக் லுப்புட்' (காலாவதித் தேதி) என்று இருந்து அது தாண்டியிருந்தால் குப்பைக்கு. 'பாய்க் செபெலும்' (இதற்கு முன் நல்லது) என்றால் அந்தத் தேதிவரை ருசியும் தரமும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். அதற்கு இன்னும் ஒரு மாதமாவது இல்லாத பொருளை நாங்கள் பையில் வைப்பதில்லை. வாங்குகிறவர் தேதியைப் பார்ப்பார், கண்டிப்பாகப் பார்ப்பார்.

காய்கறிக்கு செலாயாங் மொத்தச் சந்தை. காலையில் விற்பனை ஓய்கிற நேரத்துக்குப் போனால் விற்காத கோபிஸ் (முட்டைக்கோஸ்), கீரை தருவார்கள். போகிறவர் தவறாமல் போக வேண்டும். ஒரு தடவை ஒதுக்கி வைத்ததை எடுக்க நாங்கள் போகவில்லை, அந்த வியாபாரி அடுத்த இரண்டு மாதம் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய அளவில் மிச்ச உணவைச் சேகரித்துப் பங்கிடும் தி லாஸ்ட் ஃபூட் புரோஜெக்ட், ஃபூட் எய்ட் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளுக்கும் எழுதிப் போடலாம்.

தெருவில் இருப்பவர்களுக்குச் சோறு கொடுப்பது தனி வேலை, இதோடு குழப்பாதீர்கள். 2014-இல் புக்கிட் பிந்தாங் லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் சூப் கிச்சன் (இலவசச் சாப்பாடு வழங்குவது) கூடாது என்று அறிவிப்பு வந்து பெரிய சர்ச்சையானது. ஆசை இருந்தால் முதலில் கெச்சாரா சூப் கிச்சன் போன்ற பழைய குழுவோடு சில இரவுகள் தொண்டராகப் போய்ப் பாருங்கள். இன்றைக்கே பசி என்று உங்களை அழைக்கிறவருக்கு, பக்கத்துக் குருத்வாராவில் (சீக்கியர் கோயில்) லங்கர் என்ற இலவசச் சாப்பாட்டு நேரம் என்ன, எந்தக் கோயிலில் எந்தக் கிழமை அன்னதானம் என்பதை நோட்டின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். அங்கே யாரும் எந்த இனம் என்று கேட்பதில்லை.

படி 6: கொடுக்கும் நாள்

வரிசை வேண்டாம். மேசை போட்டுப் பெயர் கூப்பிட்டால் புளோக் முழுவதும் மேலிருந்து எட்டிப் பார்க்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு வீடு என்று நேரம் பிரித்து வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். பை சாதாரணக் கடைப் பையாக இருக்கட்டும், குழுவின் பெயரை அச்சடிக்காதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு போகிறவர் சந்தைக்குப் போய் வருகிறவர் மாதிரி தெரிய வேண்டும்.

படம்? பைகளை எடுங்கள், ரசீதை எடுங்கள். முகம் வேண்டாம். பணம் கொடுத்த ஒருவர் பயனாளியோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நாங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த மாதம் எல்லாப் பையிலும் முட்டை பாதித் தட்டாகக் குறைந்தது.

லிஃப்ட் வேலை செய்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள். எங்கள் புளோக்கில் அது தன் இஷ்டத்துக்குத்தான் ஓடும். 10 கிலோ அரிசியை இரண்டு 5 கிலோவாக வாங்கினால் கொஞ்சம் விலை கூடினாலும் படியேறுகிற பையன்களின் முதுகு பிழைக்கும்.

படி 7: மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டைத் திருப்புங்கள்

வேலை கிடைத்தவர்கள், பிள்ளையோடு குடிபோனவர்கள் என்று சில பெயர்கள் விழும். "இன்னும் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "இந்த மாதம் எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டலாம்?" என்று கேளுங்கள். ஆறாவது மாடி அக்கா ஒருவர், காவலாளி வேலை கிடைத்த மாதம், "அரிசிய நிறுத்திருங்க, பிள்ளைக்கு நெப்பி மட்டும் இன்னும் ரெண்டு மாசம்" என்றார். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவரே வந்து பருப்பு நிறுக்க உட்கார்ந்துவிட்டார். மூட்டையாக வாங்கி ஒரு கிலோவாகப் பிரிக்கிற வேலை அது. 20 வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதனால் தராசுக்கு உபரி பேட்டரி வாங்கி வையுங்கள், நடுவில்தான் அது செத்துப்போகும்.